நிற்கிற பாட்டில்

விஜிக்கு,

9 நவம்பர் 2025, ஞாயிறு, மாலை 5.40. நிற்கிற பாட்டில் சின்னத்துக்கு 212 ஓட்டு, படுத்த பாட்டில் சின்னத்துக்கு 211. ஒயின் ஷாப்பை ஞாயிற்றுக்கிழமை மூடச் சொல்லி நம் சாலிக் குடியிருப்புப் பெண்கள் நடத்திய ஓட்டெடுப்பு ஒரே ஓட்டில் தோற்றுவிட்டது.

விக்ரோலிக்கு உன் அம்மா வீட்டுக்குப் போகும்போது, "ஞாயித்துக்கெழம கடையப் பூட்டட்டும், அப்பம் வாரேன்" என்றாய். ஓட்டுக்கு முந்தைய கூட்டத்தில் நான் அதற்கு எதிராகத்தான் பேசினேன். லிஃப்ட் மெக்கானிக் புத்தி. ஒரு லிஃப்டை நிறுத்தினால் அடுத்த லிஃப்டில் ஏறுவார்கள், சனிக்கிழமையே வாங்கி வைப்பார்கள் என்றேன். அது சரிதான். ஓட்டு நாளில் கடை இருக்காது என்று நானே நேற்று வாங்கி வைத்தேன்.

என் அம்மாவிடம் எதில் குத்தினாய் என்று கேட்டேன்.

"நிக்கிறதுலதாம்ல. ஒங்கய்யா குடிச்சிட்டு வுழுந்து கெடந்தது போதாதா? நீயாவது நிக்கணும்லா."

படுத்த பாட்டில் ஜெயித்தால்தான் கடை மூடும் என்று விளக்கினேன்.

"இத மொதல்லயே சொன்னா வாய் தேஞ்சா போவும்?"

பிறகு சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆண்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் நான் செய்யப்போவது:

1. வாங்கி வைத்ததை மோரிச் சாக்கடையில் கொட்டுவேன்.
2. அடுத்த ஞாயிறு, கடை திறக்கும் முன் விக்ரோலிக்கு ரயில் ஏறுவேன்.
3. இங்கே கடை பூட்டும் நேரம்வரை உங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பேன். நீ கதவைத் திறக்க வேண்டாம்.
4. அதற்கடுத்த ஞாயிறும் வருவேன்.

உன் வீட்டுக்காரன்