எஸ். லோகநாயகியும் முட்டைக் கோழிகளும்

9 ஜூன் 2025, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. துணி காயவில்லை. மாடிக் கொடியில் கிடந்ததை எல்லாம் கூடத்து நாற்காலிகளுக்கு மாற்றியாயிற்று. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே காபி குடித்தேன்.

மகள் லோகநாயகி நாளை நாகர்கோவில் போகிறாள். நான்கு நாள் விடைத்தாள் திருத்தம். இந்த நேரம் பார்த்துத்தான் அவள் கல்லூரியில் இணைப்பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். வியாழன் கடைசி நாள். பதினோரு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறாள். அதை யாரும் கேட்கவில்லை. எச்-இண்டெக்ஸ் ஏழு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்களாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். கொடுக்கிற அன்று உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டுமாம்.

“என் கட்டுரைக் கணக்கு காட்டுற ஸ்காலர் பக்கம் லேப்டாப்ல திறந்தேதான் இருக்குப்பா. இப்ப அஞ்சு காட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க இனிஷியல்ல எழுதின மூணு பேப்பர் அதுல சேரல. சேர்த்தா ஏழு வந்துரும்னு நினைக்கேன். சேர்த்துட்டு, பிரிண்ட் எடுத்து, நம்பரை எழுதிக் குடுத்துருங்க. வேற எதையும் தொடாதீங்க.”

முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் சொல்கிற வார்த்தையா இது?

10 ஜூன், செவ்வாய்

எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன என்று மனைவி கல்யாணி கேட்டாள். நேற்று இரண்டு மணி நேரம் படித்துவைத்திருந்தேன். நல்லவேளை.

“ஒருத்தர் எழுதின கட்டுரையை இன்னொருத்தர் தன் கட்டுரையில எடுத்துச் சொன்னா அது ஒரு மேற்கோள். இப்ப உன் சமையலை எடுத்துக்கோ. வீட்டுக்கு வந்தவங்க எத்தனை பேர் பக்குவம் கேட்டுட்டுப் போனாங்க? சொதிக்குப் பதினைஞ்சு பேர். அவியலுக்கு ஏழு. புளிக்குழம்புக்கு நாலு. அதிரசத்துக்கு நாலு. இட்லிப்பொடிக்கு ரெண்டு. ஆக நாலு பண்டத்தை நாலு பேராவது கேட்டிருக்காங்க. உன் எச்-இண்டெக்ஸ் நாலு. சொதியை ஐம்பது பேர் கேட்டாலும் நாலுதான்.”

இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது என்று நினைத்தேன்.

“இட்லிப்பொடிக்கு ரெண்டு பேரா? யாரு எண்ணினா?” என்றாள்.

12 ஜூன், வியாழன்

பெரிய நாள்.

லோகா பக்கத்தைத் திறந்தேன். எல்லாக் கட்டுரையும் கே. லோகநாயகி என்ற பெயரில். கே என்றால் குமரகுரு, மாப்பிள்ளை. தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதோறும் வருகிற நல்ல பிள்ளை. குறை ஒன்றுமில்லை. ஆனாலும் பெற்று, படிக்க வைத்து, எம்.எஸ்ஸி. ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவன் இனிஷியல் எங்கே போயிற்று? கல்யாணிக்கு அந்த வருத்தமே கிடையாது. “கே என் இனிஷியல்னு நான் நினைச்சுக்கிடுதேன்” என்கிறாள்.

‘கட்டுரை சேர்க்க’ என்ற இடத்தை அமுக்கி எஸ். லோகநாயகி என்று அடித்தேன். அடேயப்பா! எஸ். லோகநாயகி, எஸ். லோகநாயகி என்று திரை நிறைய வரிசை கட்டி நின்றது. எஸ் என்றால் சிவசுப்பிரமணியன். என்னைத் தவிர வேறு யார்? மூன்றுதான் என்றாளே, இருபத்தாறு இருக்கிறதே! பிள்ளைக்குத் தன் பெருமை தெரியாது என்று நினைத்தேன். பெயரை மட்டும் பார்த்துப் பார்த்து இருபத்தாறுக்கும் டிக் போட்டேன்.

எச்-இண்டெக்ஸ் பதின்மூன்று.

காலிக் கட்டத்தில் என் கையாலேயே 13 என்று எழுதினேன். பரீட்சைத் தாளில் நூற்றுக்கு நூறு போடுகிற மாதிரி, கீழே ஒரு கோடும் இழுத்தேன். கல்லூரியில் ஆராய்ச்சிக் குழுத் தலைவர் பெர்சிஸ் மேடம் வாங்கிப் பார்த்து, “பதின்மூணா!” என்றார். “எஸ், மேடம்” என்றேன்.

13 ஜூன், வெள்ளி

லோகா திரும்பி வந்தாள். “குடுத்தாச்சாப்பா? ஏழு வந்துச்சா?” “வந்துச்சு, வந்துச்சு” என்றேன். பதின்மூன்று என்று அவர்களே சொல்லட்டும். பாயசம்.

16 ஜூன், திங்கள்

காலை நடையில் ஒலி முகம்மது பாயிடம் லோகாவின் கட்டுரைப் பட்டியலை நீட்டினேன். ஒரு நகல் பையிலேயே வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்ட. யாரும் கேட்கவில்லை. பாய் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார்.

“சார்வாள், உம்ம மக கோழிக்கு எப்போ ஊசி போட்டா?”

“என்ன பாய் சொல்லுதீரு?”

“இங்கன பாரும். முட்டைக் கோழிக்குக் கால்சியம் குறைபாடு. இது கறிக்கோழிக்குக் கழிச்சல். அடுத்தது... சாம்பல் கலந்த செங்கல்லோட தாங்குதிறன். உம்ம மக தாவரவியல்தானவே? இல்ல கொத்தனார் வேலையும் பாக்காளா?”

நாமக்கல்லில் ஒரு எஸ். லோகநாயகி இருக்கிறாளாம். கோயம்புத்தூரில் கட்டடப் பொறியியலில் இன்னொருத்தி. எஸ் என்றால் செல்வராஜோ சண்முகமோ சுந்தரமோ, யார் கண்டது? உலகத்தில் எஸ் உள்ள தகப்பன் நான் ஒருவன்தான் என்று இருந்திருக்கிறேனே.

சிரித்துச் சிரித்துப் பாய்க்கு இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தில் லோகா கையெழுத்து இருக்கிறது. அடுத்தவர் கட்டுரையைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தவள் என்று ஆகிவிடும். பதவி உயர்வு போவது இருக்கட்டும். பெயர்?

17 ஜூன், செவ்வாய்

சொல்லவில்லை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள், சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன், சாப்பிட்டுவிட்டாள்.

18 ஜூன், புதன்

சொல்லிவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். “செங்கல்” என்றாள், ஒரே ஒரு சொல். பிறகு உட்கார்ந்து கோழிகளை நீக்கினாள், செங்கற்களை நீக்கினாள். தன் கட்டுரைகள் பன்னிரண்டு மட்டும் நின்றன.

எண் ஆறு. ஏழு வரும் என்று அவள் நினைத்ததும் தப்பு.

நானும் கையால் எண்ணிப் பார்த்தேன். ஆறு கட்டுரைகளுக்கு ஒன்பதும் அதற்கு மேலும். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் சரியாக ஆறு, ஆறு. ஏதாவது ஒன்றுக்கு ஒரே ஒரு மேற்கோள் கூடினால் போதும், ஏழு.

“யாராவது சிநேகிதப் பிள்ளைகிட்டச் சொல்லி ஒண்ணே ஒண்ணு...” என்று ஆரம்பித்தேன்.

“அப்பா, உங்க வகுப்புல காப்பியடிச்சவனை என்ன செய்வீங்க?”

“வெளிய நிக்க வைப்பேன்.”

“அப்பப் போய் நில்லுங்க.”

நின்றேன். சாரல் அடித்தது. எதிர் வீட்டு ஆவுடையம்மாள், “என்ன சார்வாள், நனைஞ்சுக்கிட்டு நிக்கிய?” என்று கேட்டாள். காற்று வாங்குகிறேன் என்றேன். கால் மணி நேரம் கழித்துக் கல்யாணி வந்து துண்டைத் தந்தாள். உள்ளே லோகா அழுதுகொண்டிருந்தாள்.

என்னவே சிவசுப்பிரமணியா, உன் ஒரு எழுத்துக்காக இதெல்லாம் தேவையா?

19 ஜூன், வியாழன்

பெர்சிஸ் மேடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதினேன், மூன்று பக்கம், உதாரணங்களுடன். லோகா வாங்கி நான்கு வரியாக்கினாள். சொதியை அடித்துவிட்டாள்.

இருவருமாகப் போனோம். “பதின்மூணு தப்பு மேடம். ஆறுதான். கையெழுத்து என்னோடது, நான் சரிபார்த்திருக்கணும்” என்று லோகா சொன்னாள். நான் குறுக்கே பாய்ந்து, “எழுதினது நான், அவ ஊர்லயே இல்ல” என்றேன். மேடம் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“ஏழுக்குக் குறைஞ்சா எடுக்க மாட்டாங்கன்னு தெரியுமில்ல லோகா?”

“தெரியும் மேடம்.”

“சரி, போங்க.” முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் வேறு வேறு சீட்டு.

24 ஜூன், செவ்வாய்

லோகா சிரித்துக்கொண்டே வந்தாள். ஆறு நாளில் முதல் சிரிப்பு.

எங்கள் கடிதத்தைப் பார்த்ததும் பெர்சிஸ் மேடத்துக்குச் சந்தேகம் வந்து, விண்ணப்பித்த நான்கு பேர் பட்டியலையும் தலைப்புத் தலைப்பாக வாசித்திருக்கிறார். வேதியியல் ஜெபஸ்டினுக்கு ஒரே கட்டுரை மூன்று தடவை ஏறிக் கிடந்ததாம். இன்னொருவர் கணக்கில் யாரோ பெயர் ஒத்த ஜப்பான்காரரின் திமிங்கிலம். சுத்தம் செய்த பிறகு ஏழு ஒருவருக்கும் தேறவில்லை. கடைசியில் மேடம் தன் பட்டியலையும் திறந்து பார்த்தாராம். அதிலும் இரண்டு குறைந்ததாம். அதை அவரே வெளியில் சொன்னார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இனி எண் ஓரமாக இருக்கட்டும், ஒவ்வொருவரும் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து கால் மணி நேரம் பேசட்டும், திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேட்பார் என்று முடிவாம்.

25 ஜூன், புதன்

முப்பத்தொரு மேற்கோள் வாங்கிய கட்டுரையை எடுத்துப் போ என்றேன். அவள் பட்டியலிலேயே அதுதான் தலை.

“அதை ஒன்பது பேர் எழுதினோம்பா. நான் ஏழாவது ஆள். இலையை உலர்த்தி எடை போட்டேன், அவ்வளவுதான்.”

தேர் வடம் பிடிக்கிற மாதிரிதான். தேர் நகர்ந்தது உண்மை, நம் கையும் வடத்தில் இருந்தது. ஆனால் ‘நான் இழுத்தேன்’ என்று தனியாக எழுந்து சொல்ல முடியுமா?

“பின்ன எதைக் கொண்டுபோவ?”

கடைசிக் கட்டுரையைக் காட்டினாள். மேற்கோள் பூஜ்யம். குற்றாலத்து ஈரப் பாறைகளில் முளைக்கும் பெரணிச் செடிகள். எங்கே எது இருக்கிறது, பழைய பதிவுகளில் இருந்து எது காணாமல் போயிற்று என்று மூன்று சீசன் நடந்து எழுதியது. ஆசிரியர் ஒரே ஒருத்தி.

“இதை ஒருத்தரும் எடுத்துச் சொல்லலியேம்மா.”

“ஒருத்தரும் அங்கன போய்ப் பாக்கலியேப்பா.”

முட்டை வாங்கிய கட்டுரையை மார்க் ஷீட்டில் முதலில் வைக்கிறாள். பிடிவாதம். யாரிடமிருந்து வந்ததோ. கல்யாணி என்னையே பார்க்கிறாள்.

3 ஜூலை, வியாழன்

பேசிவிட்டு வந்தாள். கால் மணி நேரம் என்று சொல்லி முக்கால் மணி நேரம் வைத்திருந்திருக்கிறார்கள். அது நல்லதா கெட்டதா? நேர்முகத்தில் நேரம் கூடினால் நல்லது என்று நான் சொன்னேன். பெயிலாகப் போகிறவனிடமும் நாம் நிறையக் கேள்வி கேட்போமே என்று பிறகு தோன்றியது. அதை நான் சொல்லவில்லை.

திருச்சிப் பேராசிரியர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்தப் பாறைக்கு எந்த மாதம் போனாய், வழுக்கவில்லையா என்று கேட்டாராம். “வழுக்குச்சு சார், ரெண்டு தடவை விழுந்தேன்” என்றாளாம். விழுந்தது எங்களுக்கே இன்றுதான் தெரியும். கல்யாணி அதைப் பிடித்துக்கொண்டு அவளை ஏசினாள்.

19 ஜூலை, சனி

தகவல் இல்லை. மாப்பிள்ளை அல்வா வாங்கி வந்தார். ஆளுக்கொரு துண்டு தின்றோம்.

7 ஆகஸ்ட், வியாழன்

மதியம் இரண்டு மணிக்கே லோகா வந்து நின்றாள். கல்யாணி பயந்துபோனாள்.

“என்னட்டி, மேலுக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கேன். இனி வியாழக்கிழமை மதியம் எனக்கு கிளாஸ் கிடையாதும்மா. அசோசியேட் புரொபசருக்கு வாரம் பதினாலு மணி நேரந்தான். இவ்வளவு நாளும் பதினாறு.”

கல்யாணிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கும்தான். அதற்குள் அவள் தட்டைப் போட்டுத் தானே சோற்றை அள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கிவிட்டாள்.

மிச்சமான இரண்டு மணி நேரத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். வாயில் சோறு, கையைக் காட்டினாள். மலைப் பக்கம். கை கழுவியதும் பழைய செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஐந்தருவி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.