கதவுக்குப் பின்னால் ஒரு கட்டைப்பை

அக்கா,

இன்று காலை என் அலுவலகத்துக்கு வந்த பெண்மணி நாற்காலிக் காலை ஒட்டி ஒரு கட்டைப்பையை வைத்தார். ஜவுளிக்கடையில் சேலை போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. அதற்குள்ளிருந்து வரி நோட்டீஸை உருவும்போது பை சாய்ந்துவிட்டது. மடித்த சேலை ஒன்று, துண்டு, சோப்பு டப்பா, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் தரையில் சரிந்தன. ராசிபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு வக்கீலைப் பார்க்க வர சோப்பு எதற்கு?

“எங்கீங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“எங்கீமில்லீங்க. இங்கிருந்தே கூட்டீட்டுப் போயிட்டாங்கன்னா... அதுக்குத்தானுங்க.”

மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வக்கீல் அழுதால் கட்சிக்காரருக்குப் பாதி நம்பிக்கை போய்விடும்.

உன் பையும் கட்டைப்பைதான். மாமா இறந்துபோன பிறகு நெய் வியாபாரத்தை நீ ஒண்டியாக நடத்திய காலம் அது. சுற்றுவட்டாரப் பெண்கள் கொண்டுவரும் வெண்ணெயை வாங்கி, உருக்கி, இதே செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு டின் டின்னாக அனுப்புவாய். கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலையைக் கிள்ளிப் போடுவாயே, அது முறுகும் வாசம் உன் சேலையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சட்டக் கல்லூரி விடுதிக்கு நீ என்னைப் பார்க்க வந்தால் என் தோழிகள், “உங்கக்கா வந்தாலே பசிக்குதுடி” என்பார்கள்.

வரிக் கணக்கு எழுத ஒருவரை வைத்திருந்தாய். பெயர் வேண்டாம், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டீஸ் வரும்போதெல்லாம் நீ அவரிடம் ஓடுவாய். “பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாதுங்க, நான் பாத்துக்கறேன்” என்பார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேறொன்றும் செய்யவில்லை. அந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்தபோது உன் வங்கிக் கணக்கை முடக்கியிருந்தார்கள். வெண்ணெய் கொடுத்த பெண்கள் பணத்துக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் துண்டை மாட்டப் போனவள் துணிமணி அடைத்த அந்தப் பையைப் பார்த்தேன்.

“எங்கக்கா, கோயிலுக்கா?”

“ஜெயிலுக்கு” என்றாய், அடுப்பைத் தணித்தபடியே.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. ஆடி மாதத்திலிருந்தே அந்தப் பை அங்கே தயாராக இருந்திருக்கிறது. “பையன உன்றகிட்ட உட்டுட்டுப் போலாம்னு இருந்தேன் சாமி. நீ படிச்சு முடிக்கோணுமேன்னுதான் இன்னும் சொல்லுல” என்றாய். தெருவில் ஜீப் போனால் நீ ஏன் பேச்சை நிறுத்துகிறாய், தபால்காரர் மணியடித்தால் ஏன் புழக்கடைக்குப் போகிறாய் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பண்டிகை கழிந்ததும் இருவரும் வரி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி சாதாரண மனிதர். கட்ட வேண்டிய வரி, அபராதம், தவணை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீ மெல்ல ஜெயிலைப் பற்றிக் கேட்டாய். “நெய் வித்ததுக்கு எவனாச்சும் ஜெயில்ல போடுவானாம்மா?” என்று சிரித்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நிம்மதியில் அழுவாய் என்று நினைத்தேன். நீ கோபத்தில் அழுதாய்.

“எதுக்குப் பயப்படோணும்னு ஒருத்தனாச்சும் சொல்லியிருந்தா அதுக்கு மட்டும் பயந்திருப்பனே! ஒண்ணும் சொல்லாம உட்டதுல எல்லாத்துக்கும் பயந்து செத்தனே!”

அந்த நிமிடமே நான் வரி வக்கீலாக முடிவெடுத்தேன் என்று மேடையில் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை அப்படியில்லை. எனக்குக் கொலைக் கேஸ் நடத்தும் ஆசை இருந்தது, அது போவதற்கு இரண்டு மூன்று வருஷம் பிடித்தது. ஆனால் உன் தவணைகளைக் கட்டுவதற்காக அந்த அலுவலக வாசலில் நின்றபோதெல்லாம், உன்னைப் போல நோட்டீஸும் கையுமாகப் பயந்து நிற்பவர்களைப் பார்த்தேன். அவர்களிடம் பேச ஆரம்பித்தேன். பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. இன்றைக்கும் எல்லோரும் என்னை ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தி அலுத்துவிட்டது.

என் அலுவலகத்தில் ‘பயப்படாதீங்க’ என்ற பேச்சுக்கு இடமில்லை, அக்கா. யார் வந்தாலும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இதற்குப் பயப்படுங்கள், இதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறேன். லாரி முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. “காசும் வாங்கீட்டுப் பயமும் காட்டுதுங்க அந்தம்மா” என்று சொல்லிவிட்டு, ஆறுதலாகப் பேசும் ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். சிலர் ஆறுமாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். அப்போது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வரும், மறைப்பானேன்.

ஆனால் உன் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தோஷமில்லை. கடைசியாக நீ படுத்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கையைத் தட்டி, “பயப்படாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நீ என் பக்கம் திரும்பினாய். “நீ சொல்லு சாமி. எதுக்குப் பயப்படோணும்?”

சொன்னேன். கட்சிக்காரர்களிடம் பேசும் அதே குரலில்தான் சொன்னேன். வலிக்கு மருந்து இருக்கிறது, அதற்குப் பயப்படாதே. நோய்க்கு இனி மருந்து இல்லை. பையனிடம் பேச வேண்டியதை இப்போதே பேசிவிடு. “செரி” என்றாய். பையனை வரச்சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாய். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் மறுநாள் முழுக்க நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அதற்கு அடுத்த நாள் வழக்கம்போல, “டீ கெடைக்குமா சாமி” என்றாய். அந்த ஒரு நாள் என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஒருவேளை அந்த ஒரு தடவையாவது நான் பொய் சொல்வேன் என்று எதிர்பார்த்தாயோ? இதைக் கேட்க இனி யாரிடம் போவேன்?

இன்று காலை வந்த பெண்மணி விசைத்தறியைக் கூலிக்கு ஓட்டுபவர். கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் அவருடைய ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிப் போயிருக்கிறார். அவற்றை வைத்து இந்தப் பெண்மணியின் பெயரில் யாரோ ஒரு கம்பெனியே நடத்தி, வரியை ஏய்த்துவிட்டார்கள். நோட்டீஸில் இருந்த தொகையை அவரால் படிக்கக்கூட முடியவில்லை.

“ஜெயிலுங்களா?” என்று கேட்டார்.

“ஜெயிலுக்குப் பயப்படாதீங்க. நீங்க ஏமாந்தவங்க, அதை நிரூபிக்கலாம். ஆனா கெடுவுக்குள்ள பதில் போடலைன்னா உங்க பேங்க் கணக்க முடக்கீருவாங்க. அதுக்குப் பயப்படுங்க.”

“பொண்ணு ஆஸ்டல் பீஸு அதுலதானுங்க கட்டறேன்.”

“அப்ப போலீஸ்ல ஒரு புகார் குடுக்கோணும். கார்ட யாரு வாங்கிட்டுப் போனாங்கன்னு பேரு சொல்லோணும்.”

நோட்டீஸை நாலாக மடித்தார். பிறகு, “ஊட்டுக்காரரோட தம்பிங்க” என்றார். “ஒரே ஊடுதானுங்க. பேரச் சொன்னா ஊட்டுப் படி ஏறாதேன்னு ஊட்டுக்காரரு சொல்லீட்டாருங்க.”

நான் தாளை எடுத்திருந்தேன். எழுத வரவில்லை. ‘பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அக்கா. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அதைச் சொல்லியிருந்தால் அவர் நான் வரவழைத்த டீயையாவது குடித்திருப்பார். நான் விழுங்கிவிட்டு, “அந்த ஊட்டுக்குப் பயப்படுங்க” என்றேன். “புகார் குடுத்த பொறவு அங்க உங்களுக்கு நல்லா இருக்காது. அத மாத்தறது என்ற கையில இல்லீங்க.”

அவர் குனிந்து, சரிந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தார். சோப்பு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

“எருமப்பட்டீல அம்மா இருக்குதுங்க” என்றார். “அப்ப இந்தப் பை வீணில்லீங்க.”

திங்கட்கிழமை புகாரில் கையெழுத்துப் போட வருவதாகச் சொல்லிவிட்டு, “வாரேனுங்க” என்று இறங்கிப் போனார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்களுக்கு நடுவே அந்தப் பை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. எருமப்பட்டிக்குத்தான் போனாரா, இல்லை மனசு மாறி அந்த வீட்டுக்கே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். இன்னும் வரவில்லை.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படவில்லை, அக்கா. திங்கட்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்துவிடுமோ என்று, அதற்கு மட்டும்தான் பயப்படுகிறேன்.