திரையின் வலப்பக்க ஓரம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
02.11.2024

அன்புள்ள மச்சான் இராகுலன்,

சுகமா? போனில் சொல்ல ஏலாத கதை, அதனால் எழுதுகிறேன். சிரிக்காதே.

கடல் பிளக்கிற அந்தப் பழைய வேதாகமப் படத்தை இந்த நத்தார் பண்டிகைக்கும் மாதா கோயில் மண்டபத்தில் போடப்போகிறார்களாம். இருபது வருடத்துக்கு முன் நீ, நான், உன் தங்கச்சி கீர்த்தனி மூவரும் பார்த்த அதே டிஸ்க். திரையும் புரொஜெக்டரும் என் கடையிலிருந்துதான் போகும். அதனால் ஃபாதர் டிஸ்க்கைத் தந்து, ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். பட்டப்பகலில்தான் பார்த்தேன். சனங்கள் கடலுக்குள் நடக்கும் இடத்தில், வலப்பக்க ஓரத்தில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தபடி நிற்கிறாள். மஞ்சள் சட்டை. கையில் வாளி.

சுனாமியில் போன கீர்த்தனியேதான், மச்சான்.

உன் நண்பன்,
நௌபர்


டொரொன்டோ,
19.11.2024

நௌபர்,

உனக்கு விசர். எங்கள் அப்பாமார் பிறக்க முன்பே எடுத்த படம் அது. முதலில் கண்ணாடியை மாற்று.

ஒன்றை மட்டும் எழுது. அவள் யாரைப் பார்க்கிறாள்?

இராகுலன்


திருகோணமலை,
03.12.2024

மச்சான்,

கோபிக்காதே. ஃபாதருக்கும் போட்டுக் காட்டினேன். அவருக்கு அவள் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறாள். யாரையோ கைகாட்டிக் கூப்பிடுகிறாள்.

நத்தாருக்கு மறுநாள் காலை கடல் உள்வாங்கியபோது, படத்தில்போல வழி விட்டதென்று நினைத்து அவள் தனியே ஓடினாள் என்றுதானே எல்லோரிடமும் சொன்னாய்? பிறகு யாரைக் கூப்பிடுகிறாள்?

நௌபர்


டொரொன்டோ,
14.12.2024

நௌபர்,

அவள் தனியே போகவில்லை. "கடல் வழி விட்டிட்டுது, நீ முன்னுக்குப் போய் மீன் பொறுக்கு, அண்ணா பின்னால வாறன்" என்று நான்தான் வாளியைக் கொடுத்து அனுப்பினேன். எனக்குப் பயம். கரையிலேயே நின்றுவிட்டேன். அம்மாவுக்கும் இதுவரை சொல்லவில்லை. இருபது வருடமாக என்னை நானே வெறுத்துக்கொண்டிருக்கிறேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். நத்தாருக்கு வருகிறேன். உன் பக்கத்தில் எனக்கொரு கதிரை போட்டு வை.

இராகுலன்


திருகோணமலை,
28.12.2024

அன்புள்ள மச்சான்,

எங்கே அனுப்புவதென்று தெரியாமல் டொரொன்டோ விலாசத்துக்கே எழுதுகிறேன்.

என் பக்கத்தில்தானே இருந்தாய்? கடல் பிளந்தபோது என் கையைப் பிடித்தாய். லைட் போட்டபோது கதிரையில் நீ இல்லை. கீழே நீ காலில் போட்டிருந்த சப்பாத்து மட்டும் கிடந்தது. உள்ளே ஈர மணல். கடற்கரை முழுக்கத் தேடினோம், பொலிஸிலும் சொல்லியாயிற்று. உன் அம்மா என் கடை வாசலை விட்டு எழும்புகிறா இல்லை.

இன்று தனியே படத்தைப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில் கீர்த்தனி இருக்கிறாள். இப்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்ந்த ஆள் ஒருவன் அவளுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு பின்னால் போகிறான்.

அம்மாவிடம் நான் என்ன சொல்ல? ஒரு வரி எழுது.

நௌபர்