முன் கண்ணாடிப் பட்டையைக் கழற்றிய விவரம்

பழவேற்காடு,
22-10-1953

அன்பு மகள் ஹாஜிராவுக்கு வாப்பா ஹபிபுல்லா துஆ செய்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே காரைத் தவிர அனைவரும் சுகம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனார் மாமியாரும், இன்னும் பெயர் வைக்கப்படாத அந்த ஒருவரும் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம் அடைந்தோம்.

இம்மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு, நம் குடும்பத்தில் மிக முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. நம் காரின் முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் நிக்கல் பட்டையைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் துருவைச் சுரண்டி மருந்து போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதற்கு எட்டு நாள் முன்புதான் ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தது, அதைப் பற்றி நம் வீட்டில் இதில் கால்பங்கு விவாதம்கூட நடக்கவில்லை. தீர்மானித்தவர்கள் நானும், உன் கமால் மாமாவும், டிரைவர் கோபாலும். உன் உம்மா கதவுக்கு உள்ளே நின்று ஏதோ சொன்னாள், நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. பிறகு கேட்டபோது, பிள்ளை வந்து இறங்கட்டும், அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க என்று சொன்னதாகச் சொன்னாள்.

இத்தனைக்கும் காரணம் நல்ல எண்ணம்தான் என்பதை நீ நம்ப வேண்டும். முதல் பிரசவத்துக்கு உன்னைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் கடமை. மதராஸ் ஹார்பரில் உங்கள் கார் வந்து நிற்பதாக இருந்தால் மருமகளை அனுப்புகிறேன், பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் குலுங்க விடமாட்டேன் என்று உன் மாமனார் எழுதியிருந்தார், கார் தயார் என்று நான் ஆகஸ்டிலேயே பதில் போட்டுவிட்டேன். கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யுத்தத்துக்கு முந்தின மாடல், பதினைந்து வருஷம் உப்புக்காற்றைக் குடித்தது, என்றாலும் ஓடியது. பட்டையின் ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு. ஏழு மாதக் கர்ப்பிணி ஏறப்போகிற வண்டியில் அப்படி ஒரு கோடு இருப்பது எனக்குக் கௌரவமாகப் படவில்லை.

எளாவூரில் லாரி ரிப்பேர் செய்யும் யேசுதாஸ் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தார். நல்ல வேலைக்காரர், திருப்புளியைத் தொடவே இல்லை. ரப்பருக்கும் பட்டைக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் விட்டு, மூங்கில் சிம்பை நுழைத்து, நெளியாமல் இரண்டு பாதியாக உருவி எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். பட்டைக்கு ஒரு கீறல் இல்லை. அதன் அடியில் இருந்த தகடு நனைந்த புகையிலை போல இருந்தது. கம்பி பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்ததும் அவர் விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. விரலை உள்ளேயிருந்து ஆட்டிக் காட்டி, பாய், தகடு எங்க கீது, வெறும் பெயின்ட்டுதான் புடிச்சிகினு இருந்துது என்றார். சுரண்டுனா நிக்காது, சுரண்டாம மருந்து போட்டா ஒட்டாது, மெட்ராசுக்கு அனுப்பிப் புதுத் தகடு வெச்சு வெல்டிங் அடிக்கணும், ஒரு மாசம் ஆவும் என்றும் சொன்னார்.

ஹாஜிரா, அப்போது அவர் தண்ணீர் ஊற்றியும் காட்டினார். முன் கண்ணாடி மூலையில் ஒரு செம்பு ஊற்றினால் அது கண்ணாடியைத் தாங்கும் பக்கத் தூணுக்குள் இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் ஓடி, பின் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் வந்து தேங்குகிறது. முன் சீட்டில் ஒரு சொட்டு இல்லை. பின்னால் திரை போட்டு உன்னையும் உம்மாவையும் உட்கார வைத்து, முன்னால் நானும் கோபாலும் உட்கார்ந்து எத்தனை மழையில் போயிருக்கிறோம். உனக்கு ஒன்பது வயதில், பொன்னேரிக் கல்யாணத்துக்குப் போகும்போது உன் புதுப் பாவாடை நனைந்துவிட்டதென்று நீ அழுதாய். கூஜாவைக் கவிழ்த்துவிட்டு அழுகிறாயா என்று எல்லார் முன்னிலையிலும் உன்னைத் திட்டினேன். நான் சிந்தல வாப்பா, தானா வருது என்று நீ சொன்னாய். அன்று கூஜாவைப் பிடுங்கி முன் சீட்டில் வைத்துக்கொண்டேன், பிறகு எப்போதும் அது முன் சீட்டில்தான் வந்தது. அப்புறமும் பின்னால் ஈரமாகவே இருந்தது. அதிலிருந்து நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாள்தோறும் இரண்டு பத்திரிகை படிக்கிறவன் நான். நீ சிந்தவில்லை அம்மா. பதின்மூன்று வருஷம் தாமதமாக இதை எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

இதற்குப் பிறகாவது யேசுதாஸ் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஒரு மாசம் என்றதும் எனக்குக் கப்பல் தேதி ஞாபகம் வந்தது. கமால் மாமாவுக்கு நாலு படகு இருப்பது உனக்குத் தெரியும், அதனால் ஒழுகுகிற எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம். மச்சான், கடல்ல கெடக்குற படகே ஒழுவல, ரோட்டுல ஓடுற காரு இன்னாத்துக்கு ஒழுவப் போவுது என்று சொல்லி, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சி எடுத்து வந்தார். படகு தண்ணில குளுந்து கெடக்குது, காரு வெயில்ல நிக்குமே என்று யேசுதாஸ் கேட்டார். அவர் ஒரு முறைதான் கேட்டார், மாமா நாலு முறை சொன்னார், மாமா பக்கம் சாய்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஓட்டைகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை ஊற்றி, கண்ணாடியை அதன்மேல் பதித்து, பட்டையையும் மேலே போட்டுத் துடைத்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. நான்கு செம்பு தண்ணீர் ஊற்றினோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. கமால் மாமா அன்று முழுக்க மாப்பிள்ளை போல நடந்தார்.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாகக் காய்ந்தது. சோதித்துப் பார்க்க நானும் கோபாலும் பொன்னேரிக்குப் போனோம். மார்க்கெட்டுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டிக்காகக் கோபால் பிரேக் போட்டார். கார் நின்றது, கண்ணாடி நிற்கவில்லை. மாட்டுவண்டிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, இன்னா பாய், காத்து வரலன்னு தொறந்து வுட்டுட்டியா என்று விசாரித்தார். நல்ல மனிதர், சில்லுகளைப் பொறுக்கவும் உதவினார். இந்த மாடலுக்குக் கண்ணாடி சீமையிலிருந்து வர வேண்டுமாம், மூன்று மாதம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பாதையில் மழை நாளில் பொன்னேரியைத் தாண்டி மதராஸ் டாக்சி எதுவும் வராது, நான்கு பேரைக் கேட்டுவிட்டேன்.

ஆகவே நீ இந்தக் கப்பலில் வர வேண்டாம். அடுத்த கப்பல் புறப்படுவதற்குள் உனக்கு எட்டு மாதம் ஆகிவிடும், டாக்டர் ஏற விடமாட்டார். பிரசவம் அங்கேயே நடக்கட்டும். பினாங்கு ஆஸ்பத்திரி இங்கே உள்ளதைவிடப் பெரியது என்று உன் உம்மாவுக்குச் சொன்னேன். அதற்கு அவள், கால் நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போவுது, புள்ள வந்திருக்கும் என்று சொன்னாள். அது உண்மை. திறந்து பார்த்திருக்க வேண்டிய பதின்மூன்று வருஷமும் நான் அதைத் திறக்கவில்லை, தொடாமல் விட்டிருக்க வேண்டிய ஒரு மாதத்தில் திறந்தேன். பொன்னேரி நர்ஸ் விக்டோரியாவிடம் சொல்லி வைத்திருந்தோம், நீ வரவில்லை என்று அவருக்கும் தெரிவித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாளி தூக்காதே. மாடிப்படியில் கைப்பிடியை விடாதே. பயமாக இருந்தால் மாமியாரிடம் வெட்கப்படாமல் சொல், அவரும் பெற்றவர்தான். இரவில் மிளகு ரசம் போதும் என்று உம்மா சொல்லச் சொன்னாள், வேறு ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் விடுங்க என்று விட்டுவிட்டாள். அல்லாஹ் உன்னையும் குழந்தையையும் லேசான பிரசவத்தோடு காப்பானாக, ஆயுளும் ஈமானும் தருவானாக, ஆமீன். குழந்தை பிறந்த அன்றே தந்தி கொடுக்கச் சொல்லி மாப்பிள்ளைக்கு நினைவுபடுத்து, ஆணா பெண்ணா என்பதோடு நீ நலம் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்.

உன் நலனையே வேண்டும் வாப்பா,
மு. ஹபிபுல்லா

பி.கு: உன் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லித் திங்கட்கிழமையே உன் மாமனாருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாக இன்று காலை பதில் வந்தது.