காற்றின் சிலையில் ஒரு துவாரம்

என் கைகளின் வலி அறிந்த துணைவரே,

தாங்கள் மறைந்தபின் லேபர் கேம்ப்பில் நம் சிற்பக் கொட்டகையில் உளிச்சத்தம் ஓய்ந்துவிடும் என்று எண்ணியவர் பலர். ஓயவில்லை. மாட்டுங்கா வாசகசாலை முகப்புக்குத் தாங்கள் ஒப்புக்கொண்ட ஐம்பூதச் சிலைகளில் நிலம், நீர், நெருப்பு, ஆகாயம் நான்கும் தங்கள் கையால் முடிந்தவை. காற்றைக் கல்லில் எவ்விதம் நிறுத்துவது என்று கடைசிக்குத் தள்ளினீர்களே, அதனை நான் செதுக்கினேன். எனக்கு உளி பிடிக்க எவரும் கற்பித்ததில்லை, தாங்கள் உட்பட, பார்த்தே பயின்றேன்.

யுத்தத்தால் தெற்கத்திக் கல் ரயிலேறவில்லை. இவ்வூர்க் கருங்கல்லைத் தட்டிப் பார்த்தேன். மணிபோல் ஒலித்தது, நம் மலைக் கல்லென்றே நம்பிவிட்டேன். காற்றுப் பெண்ணின் பறக்கும் முந்தானை மடிப்பில் உளி சட்டென்று உள்ளே இறங்கிற்று. முஷ்டி நுழையும் பொள்ளல்! இவ்வூர்க் கல் வயிற்றில் காற்றை அடைத்துக்கொண்டே பிறக்குமாம். யார் கண்டார்?

ஒன்று பழுதென்றாலும் ஐந்தையும் திருப்பிவிடுவோம் என்பது வாசகசாலைக் கமிட்டியார் பேச்சு. தங்கள் நான்கும் சேற்றில் கிடக்குமோ என்று அஞ்சினேன்.

தங்கள் தம்பி இசக்கி அரக்கோடு வந்து நின்றார்.

"மதினி, கல்பொடியும் அரக்கும் குழைச்சு அப்பிருவோம். அந்தக் கண்ணாடிக்காரருக்கா தெரியப் போவுது?"

"வெயிலில் அரக்கு வழியும்போது உங்கள் அண்ணன் பெயரும் சேர்ந்து வழியும்" என்றேன். பின்புறமிருந்தும் குடைந்து, பொள்ளலை மறுபுறம் வரை திறந்துவிட்டேன்.

இசக்கி தலையிலடித்துக்கொண்டார். "வெளங்கிரும்!"

இன்று காலை வாசகசாலைச் செயலர் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா இது? மூளிக் கல்லை வாசல்ல நிறுத்தினா மாட்டுங்காவே சிரிக்காதோ?"

"பின்னால் கையை வைத்துப் பாருங்கள், ஐயா."

வைத்தார். மாஹிம் பக்கத்திலிருந்து கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. வைத்த கையை அவர் எடுக்கவில்லை. இசக்கியோ வாசலைப் பார்த்து நின்றார், ஓடத் தயாரானவர்போல.

"காத்துன்னா வர்றது!" என்றார் செயலர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கமிட்டியில கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அவர்களையும் கை வைக்கச் சொல்லுங்கள்."

கையை எடுத்து, வாசலில் நின்ற வண்டிக்காரரை அழைத்தார். "அஞ்சையும் ஏத்துங்கோ" என்றார்.

சற்றுமுன் வண்டி புறப்பட்டது. கமிட்டியார் என்ன சொல்வரோ, அறியேன். முகப்பில் நிறுத்தும் நாளில் நானும் சாரத்தில் ஏறுவேன். அத்துவாரத்தில் சுண்ணாம்பு அப்ப எவர் வந்தாலும் கையைத் தட்டிவிடுவேன். இது தங்களுக்கு நான் தரும் வாக்கு.

தங்கள் மனைவியும் இசக்கியின் மதினியுமான
சிற்பி செண்பகவல்லி