பல் டாக்டரிடம் போன வயலின்கள்

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போனையே எடுக்காதவரிடம் வேறு எப்படி விசாரிப்பது?

கம்ப்யூட்டரிலேயே வயலின் வாசிக்கும் உங்கள் மென்பொருளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. வாங்குகிறவர் ஒரு பல் டாக்டர் அம்மா. பேரமே பேசவில்லை, எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. செகண்ட் ஹேண்ட் லைசென்ஸ் என்றதும் திருட்டுச் சரக்கோ என்று தயங்கினார். "இது பழைய செருப்பு இல்லம்மா, தேயறதுக்கு. வச்சிருக்கிறவர் கம்பெனிக்கு எழுதுனா அவர் பேர் போய் உங்க பேர் வந்துடும். அப்புறம் அவர் கம்ப்யூட்டர்ல அது வேலை செய்யாது. உங்களுதுல மட்டும்தான்" என்றேன். சமாதானமாகிவிட்டார்.

ஆகவே சீக்கிரம் பெயரை மாற்றிக் கொடுங்கள். டிரம்ஸ், பியானோ மென்பொருள் இரண்டையும் விளம்பரத்தில் போட்டுவிட்டேன்.

என் தங்கை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "விக்கிறது அவர் இஷ்டம். அதை வித்துக் குடுக்கிற ஆள் நீயாத்தான் இருக்கணுமாண்ணே?" என்றாள். நான் வியாபாரி, கொடுத்தால் விற்பேன். ஆனாலும் ஒரு தடவை கேட்டு வைக்கிறேன்: இசையை விட்டுவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போவது என்பது முடிவான முடிவா?

அன்புடன்,
மச்சான்


ஜூன் 6

மச்சானுக்கு,

பெயர் மாற்றியாயிற்று. போன் எடுக்காததற்குக் கோபப்படாதீர்கள். உங்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் ஆறாவது நிமிடம் நான் எதையாவது வாங்கியிருப்பேன்.

முடிவான முடிவுதான். திங்கட்கிழமை சேர்கிறேன். கிடங்கில் பெட்டி வரும், போகும். "இன்னும் கொஞ்சம் சோகமா வேணும் சார்" என்று எந்தப் பெட்டியும் என்னிடம் சொல்லாது. நான் படத்துக்கு இசை போட்டுக் கொடுத்த ஆட்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் காணாமல் போனவர்கள். உங்கள் தங்கை எவ்வளவு நாள்தான் தனியாக வீட்டைத் தாங்குவாள்? அவள் கேட்கமாட்டாள். அதனால்தான் நானே கேட்டுக்கொண்டேன்.

ஆற்றைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று கையில் இருக்கிறது. இசை முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அனுப்பினால் போதும். அதோடு கடையை மூடிவிடலாம்.

மாப்பிள்ளை


ஜூன் 7

மச்சான்,

பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன். லைசென்ஸைக் கைவிடுவதற்கு முன்னால் வயலின் பகுதிகளையெல்லாம் சாதாரண ஆடியோவாக மாற்றி வைத்திருக்க வேண்டும். மாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் திறந்தால் பியானோ கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது, வயலின் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எழுதிய சுரமெல்லாம் திரையில் அப்படியே இருக்கிறது. வாசிக்கத்தான் ஆளில்லை. பத்து நிமிடப் படத்தில் ஏழு நிமிடம் ஊமை.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி வேலையைக்கூட ஒழுங்காகக் கொடுக்காதவன் என்ற பெயரோடு போக மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாவிடமிருந்து ஒரே ஒரு நாளைக்குத் திரும்ப வாங்க முடியுமா?

மாப்பிள்ளை


ஜூன் 7, மாலை

மாப்பிள்ளைக்கு,

முடியாது. கம்பெனி ஒரு தடவைதான் கைமாற்ற விடும். இனி அது அந்த அம்மாவுடையது. கண்ணீர் விட்டாலும் அவ்வளவுதான்.

ஆனால் மூளையைக் கொஞ்சம் கசக்கினேன். உங்கள் கம்ப்யூட்டரில்தானே வயலின் பாடாது? அவருடையதில் பாடுமே! விசாரித்துவிட்டேன், நீங்கள் வைத்திருக்கும் அதே ரெக்கார்டிங் மென்பொருள்தான் அவரிடமும் இருக்கிறது. ஃபைலை எனக்கு அனுப்புங்கள். நாளைக்கு அவர் கிளினிக்குக்குப் போகிறேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் என் தங்கை புருஷன் இப்படிக் கோட்டை விட்டதை வெளியே சொல்லமாட்டேன். குறைந்தது இந்த வாரம்.

மச்சான்


ஜூன் 8

மாப்பிள்ளைக்கு,

ஆடியோ இத்துடன் வருகிறது. ஏழு நிமிடமும் முழுசாக இருக்கிறது. முதலில் அதை அனுப்பிவிட்டு மீதியைப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் இருப்பது எக்ஸ்ரே அறையில். சுவரெல்லாம் யார் யாருடைய கடைவாயோ. டாக்டர் முதலில் தான் செய்த பாட்டைப் போட்டுக் காட்டினார். பக்கத்து அறையில் உதவியாளர் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். எது குடைகிற சத்தம், எது வயலின் என்று எனக்குப் பிடிபடவில்லை. சொல்லவில்லை, சரக்கு வாங்கியவர் அல்லவா.

பிறகு உங்களுடையதைத் திறந்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது, விலைதான் தெரியும். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். முடிகிற வரைக்கும் அவர் போகவில்லை. குடைகிற சத்தமும் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"இது நான் வாங்குனதுதானா?" என்றார் டாக்டர்.

"அதேதாம்மா."

"அப்ப எனக்கு ஏன் இப்படி வரல? மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டீங்களா?"

"வயலினைத்தாம்மா வித்தேன். அந்த ஆளை விக்கல."

"அவர் எங்க இருக்கார்?"

"கிடங்குல பெட்டி எண்ணப் போறார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், பல்லைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. காலையில் நீங்கள் வந்து அவருக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. அதன் பிறகு அங்கேயே உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். சட்டப்படி அந்த மென்பொருள் அவர் கம்ப்யூட்டரை விட்டு நகராது. ஆள் நகரலாம், அதற்குத் தடையில்லை. கிடங்கு வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு ஏழு நாள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

கமிஷன் வேண்டாம். உங்கள் மனைவி என்னோடு பேசினால் போதும்.

அன்புடன்,
மச்சான்


ஜூன் 26

மச்சானுக்கு,

கிடங்கில் சேர்ந்து மூன்றாவது வாரம். பெட்டிகள் மரியாதையானவை.

படக்காரருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த படத்துக்கும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சார், அதுவும் அவசரப்படுத்தக் கூடாது" என்றேன். எனக்கு இப்படிப் பேச வருமென்று எனக்கே தெரியாது. சரி என்றுவிட்டார்!

டாக்டர் கெட்டிக்காரர். வயலின் வில் ஒரு பக்கம் போய் முடிந்தால் திரும்பி வர நேரம் வேண்டும், நீங்கள் மூச்சே விடாமல் வாசிக்க வைக்கிறீர்கள் என்று சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். போன வாரம் அவர் சாப்பிடப் போன பிறகு, யாரும் கேட்காத ஒன்றை எழுத உட்கார்ந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. நன்றாக வருகிறது.

நேற்று உங்கள் தங்கையும் கூட வந்திருந்தாள். சும்மா வரக் கூச்சப்பட்டுப் பல்வலி என்றாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி நிஜமாகவே ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார். வீங்கிய கன்னத்தோடு பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வழியில், "எங்கண்ணனுக்குப் போன் போடணும்" என்றாள். வாய் மரத்துப்போயிருந்தது. இன்றைக்குப் போடுவாள்.

டிரம்ஸ், பியானோ விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். ஆள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பீர்கள். உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை