கயிற்றின் கடைசியில் இரண்டு பிள்ளைகள்

வெள்ளாயணி
9-11-2025

அன்பு மகள் சுஜாவுக்கு அப்பா எழுதுகிறது. கர்த்தருடைய தயவால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டுவலியும் என் முன்கோபமும் மட்டும் பழையபடி. நீயும் மருமகன் சிபியும் குழந்தை ஆர்யாவும் அந்தக் குளிரில் ஒரு கேடும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபத்தில் சொல்கிறோம். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இவர் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். அந்த முகம்தான் பிரச்சினை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் ஆர்யாவுக்குச் சளி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் சித்தப்பா மகன் ஜெயன் செவ்வாய்க்கிழமை டப்ளினுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கூட ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் இருக்கிறது, அவன் வழியில் தின்று தீர்க்காமல் இருந்தால் உனக்குக் கிடைக்கும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு, கோவளத்தில் நான் வேலை பார்த்த ஹோட்டலிலேயே கடலைப் பார்த்த இரண்டு அறை போட்டிருக்கிறாயே, அதை ரத்து செய்துவிடு. கோபப்படாதே. அப்பா காவல் நின்ற இடத்தில் நாலு நாள் ராஜா மாதிரி உள்ளே தங்கட்டும் என்று நீ ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். அம்மா சபையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், போதகர் ஐயா வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது. இருந்தாலும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை விடிந்ததும், அங்கே லிப்ட் உண்டா, முட்டுவலிக்காரி ஏற முடியுமா என்று பார்த்து வரச் சொல்லி அம்மா என்னை பஸ் ஏற்றிவிட்டாள். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. சுஜா மக்களே, எனக்கே வழி தெரியவில்லை. எண்பத்து நாலில் மார்த்தாண்டத்திலிருந்து கொத்தனார் கையாளாக நான் வந்தபோது பஸ் நிற்கிற இடத்திலிருந்து கடல் வரைக்கும் தென்னந்தோப்பு, நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை, ஓலை வேய்ந்த நாலைந்து சாயாக்கடை, வெயிலில் வெந்து சிவந்து கிடக்கிற வெள்ளைக்காரச் சாயிப்புமார், அவ்வளவுதான் ஊர். இப்போது தோப்பு நின்ற இடத்தில் கண்ணாடிச் சுவர். நான் கடன் சொல்லிச் சாயா குடித்த இடத்தில் நகம் வெட்டி விடுகிற கடை, நகம் வெட்ட ஒரு கடை! அன்றைக்கு நாங்கள் வேலைக்கு வந்து நின்ற மாதிரி இன்றைக்கு அஸ்ஸாம்காரப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கடல் பாதி மணலைத் தின்றுவிட்டது, சாயிப்புமாருக்கு நாற்காலி போட்ட இடமெல்லாம் அலை அடிக்கிறது, கரைக்குக் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள், தெற்கே பார்த்தால் விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்கள். நீ ஓடி விளையாடின இடம் எது என்று ஆர்யா கேட்டால் தண்ணீரைத்தான் கைகாட்ட வேண்டும்.

மேலே சொல்வதற்கு முன் பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. உனக்கு மூன்று வயதில் அம்மா மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, கூடையில் மீன் விற்கிற பிலோமினா ஒரு வார்த்தை கேட்காமல் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அவள் மகள் பிரேமாவும் நீயும் ஒரே பாயில் படுத்தீர்கள், ஒரே சட்டிக் கஞ்சி குடித்தீர்கள், நீயும் அவளை அம்மை என்றுதான் கூப்பிட்டாய். கரையில் நின்று மடிவலை இழுக்கும்போது மீன்காரர்களிடம் ஒரு முறை உண்டு. வலைக் கயிற்றில் கை வைத்து இழுத்தவன் யாராக இருந்தாலும், ஊரும் சாதியும் கேட்காமல், மீனில் அவனுக்கு ஒரு பங்கு. கட்டட வேலை இல்லாத நாளெல்லாம் நான் போய்க் கயிறு பிடித்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அந்தச் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும்தான் நம் வீட்டுச் சாப்பாடு.

ஹோட்டல் கட்டி முடிந்ததும் என்னையே கடற்கரைக் காவலுக்கு எடுத்தார்கள். காக்கி, தொப்பி, கழுத்தில் விசில். பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். மீன் நாற்றம் விருந்தாளிகளுக்குப் பிடிக்கவில்லை, ஹோட்டல் முன்னால் யாரும் வலை இழுக்கக் கூடாது, தோப்புப் பாதையில் கூடையோடு ஒருத்தி வரக் கூடாது என்றார். விசில் ஊதினது நான். முதலில் தலை குனிந்து ஊதினேன், பிறகு நிமிர்ந்து ஊதினேன், ஒரு வருஷத்தில் அதில் ஒரு மிடுக்கே வந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்று கிறிஸ்மஸுக்கு ஊழியர் குடும்பங்களுக்குப் புல்வெளியில் விருந்து. உனக்கு ஏழு வயது, ஊதா கவுன். அம்மாவுக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. பிலோமினா பிரேமாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு தூக்குப் பாத்திரத்தில் உனக்கென்று எதையோ செய்து எடுத்துக்கொண்டு ஹோட்டல் கேட்டுக்கு வந்தாள். நீ அம்மையே என்று கத்திக்கொண்டு ஓடினாய். தெரிந்தவர்களா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். யாரென்றே தெரியாது சார் என்றேன். சொன்னதோடு விட்டேனா, விசிலையும் ஊதினேன். நீ கேட் கம்பியை விடமாட்டேன் என்றாய், உன் கன்னத்தில் அறைந்து இழுத்து வந்தேன். அந்தப் பாத்திரத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்து கேக் சாப்பிட்டேன், அது நன்றாக நினைவிருக்கிறது. அதோடு பிலோமினா நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவளுக்கு என்ன தலைக்கனம், ஒரு காரணமும் இல்லாமல் உறவை அறுத்துவிட்டாளே என்று அம்மா வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். நீயும் அப்புறம் பிரேமாவின் பெயரை எடுக்கவில்லை, பிள்ளை மறந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இப்போதைய மேனேஜர் சின்ன வயசுப் பையன், ஜிபின் என்று பேர். பழைய ஸ்டாப் என்று சொன்னதும் அங்கிளே அங்கிளே என்று காப்பி கொடுத்தான், லிப்டைக் காட்டினான். வரவேற்பறைச் சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள், தொண்ணூறு வாக்கில் ஏதோ ஒரு சாயிப்பு எடுத்தது, அந்தக் கரையில் மடி இழுக்கிற படம். இப்போது வருகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்களாம். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆள் வைத்து ஹோட்டல் முன்னாலேயே வலை இழுக்கிறார்களாம், விருந்தாளிகளும் கூடக் கயிறு பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். நான் விசில் ஊதி விரட்டினதை இவன் அழைத்து வைத்திருக்கிறான். படத்தில் கயிற்றின் முன்னால் பிலோமினா. கயிற்றின் கடைசியில் இரண்டு பிள்ளைகள், ஒன்று பிரேமா, இன்னொன்று வெறும் ஜட்டியோடு, மூக்கு ஒழுகி, மேலெல்லாம் மணலாக நீ. இதில் யாரையாவது தெரியுமா அங்கிளே, பெயர் கிடைத்தால் கீழே எழுதிப் போடலாம் என்றான். பக்கத்தில் நல்ல உடுப்பு போட்ட நாலு பேர் நின்றார்கள். அயர்லாந்திலிருந்து அறை போட்ட நர்ஸம்மா இதுவா என்று பார்ப்பார்களே என்று நினைத்தேன். யாரையும் தெரியாது தம்பி என்றேன். என்னை மிரட்ட ஆளில்லை, வேலை போய்விடும் என்ற பயமில்லை, ஆனாலும் அதே வார்த்தைதான் வந்தது. இந்தத் தடவை பெற்ற பிள்ளையையும் சேர்த்துத் தெரியாது என்றேன் மக்களே. எழுதும்போதே கூசுகிறது.

அந்த முகத்தோடு கரைக்கு இறங்கினேன். அன்றைக்கு வலை இழுக்கிற நாள். இழுக்கிறவர்களில் ஒருத்தி என்னையே பார்த்தாள், தாடை அப்படியே பிலோமினா. சுஜாக்க அப்பனல்லே, சும்மா நோக்கிண்டு நிக்காம ஒரு கை பிடியும் என்றாள். பிரேமாதான். ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனால் கை கயிற்றைப் பிடித்துவிட்டது. வலை ஏறினதும் எல்லாருக்கும் போல எனக்கும் ஒரு பங்கு நெத்தோலி அள்ளிப் பையில் போட்டாள். பிலோமினா போய் நாலு வருஷம் ஆயிற்றாம். கடைசி வரைக்கும் சுஜா எங்கே படிக்கிறாள், எங்கே வேலை பார்க்கிறாள் என்று யாரிடமாவது விசாரித்துக்கொண்டே இருந்தாளாம். அன்றைய காரியத்தைப் பற்றி நான் வாயெடுத்தேன். அம்மை ஒண்ணும் நெனைக்கல்ல, அது அவருக்க ஜோலியல்லோன்னு சொல்லிற்று என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிமிர்ந்து வந்திருப்பேன்.

மீன் எங்கே வாங்கினது என்று அம்மா கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், முப்பத்திரண்டு வருஷம் என் வாயால அந்தப் பெண்பிள்ளையைத் திட்ட வச்சிட்டீரே என்று மட்டும் சொன்னாள். ஜிபினிடம் போய்ப் படத்தில் இருக்கிறவர்களின் பெயரைச் சொல்லும் என்றும் சொல்லியிருக்கிறாள். போவேன். இன்னும் போகவில்லை. அந்த அறையில் தங்கினால் நீ மேலே நின்று காப்பி குடிப்பாய், கீழே பிரேமா கயிறு இழுப்பாள், ஆர்யா ஓடிப்போய் அவளோடு போட்டோ எடுப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. வீட்டிலேயே இருக்கலாம், மெத்தை போதாவிட்டால் நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

சிபியை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். ஆர்யாவைக் காது மூடாமல் வெளியே விடாதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். இன்னும் ஒன்று உண்டு, மறந்துவிடாதே. சுஜா எங்களை நினைப்பாளா என்று பிரேமா கேட்டாள். எப்போதும் கேட்பாள் என்று சொல்லிவிட்டேன், அதுவும் பொய்தான். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், கிறிஸ்மஸுக்கு முன் கூப்பிடுவேன் என்றாள். தெரியாத நம்பராக வரும், எடுத்துப் பேசு. உனக்கு அவளை நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் என்று மட்டும் கேட்டுவிடாதே மக்களே. நம் வீட்டார் வாயிலிருந்து அவர்கள் அதைக் கேட்டது போதும்.

உன் அப்பா,
ராஜையன்